பழைய நிலப்படத்தில் நம் சேரி

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்வி மாநாட்டில் ஆற்றிய உரை)

 

கல்வியும் சமுதாய முன்னேற்றமும் என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக்குழுவினர் கேட்டிருந்தனர். அத்தலைப்பில் இன்று காலை முதல் இம்மேடையில் நால்வர் பேசிவிட்டனர். ஐந்தாவதாக நாங்களும் அதனையே பேசினால் பின்வரிசையில் இருப்போர் தேநீர் அருந்த எழுந்து போய்விடுவர். ஆதலின், தலைவர் அவர்களின் இசைவோடு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். இம்மேசையின்மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறோமே, அந்தக் காகிதமே இன்றைய பொருள்.

இது நம் செங்கற்பட்டு வட்டாரத்தின் நிலப்படம். நாடு விடுதலை பெறுவதற்கு முன்னர் இந்திய நில அளவைத் துறையார் அச்சிட்டது. நிலத்தில் ஒரு மைல் தொலைவு இதில் ஓர் அங்குலம். ஓய்வுபெற்ற அளவர் ஒருவர் தம் வீட்டுப் பரணில் கிடந்ததை எங்கள் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். உண்மையில் இவை இரண்டு தாள்கள். எண்பதாம் பாகை நெட்டாங்கு செங்கற்பட்டு நகருக்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது. தாள்கள் அக்கோட்டில் பிரிகின்றன. அதனால் நம் வட்டாரம் இரு தாள்களில் பாதி பாதியாகக் கிடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மைதா மாவுப் பசை காய்ச்சி இரண்டையும் ஒட்டினர். ஒட்டிய இடத்தில் ஓர் ஏரி கொஞ்சம் கோணியிருக்கும். அது பிள்ளைகள் செய்த பிழை. அளவைத் துறையின்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

இப்படத்தைப் படித்ததும், கையில் ஏந்தி ஊரெல்லாம் நடந்து ஒப்பிட்டதும் மாணவரும் ஆசிரியருமாகச் சேர்ந்து செய்த வேலையாகும். ஆகவே நாங்கள் என்றே சொல்லிவருவோம். அதில் தலைமையாசிரியரின் பங்கு மிகச் சிறிது.

நம் மண்ணை அளந்த கதை நெடியது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற சாகீர் நிலமே பிற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டம் ஆயிற்று. கைக்கு வந்த சொத்தின் வருமானம் என்ன என்று அறியும் பொருட்டுத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தனர். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். எந்தக் குடிக்கு எத்தனை வீடு, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, விளைச்சலில் யார் யார்க்கு என்ன பங்கு என்றெல்லாம் எழுதி வைத்தனர். அந்நாளைய ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் எத்தனை ஏரி என்பதை ஓலை சொல்லும். இன்று எத்தனை என்பதை நாமே போய் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1794-இல் சென்னையில் அளவைப் பள்ளி ஒன்று தொடங்கினர். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு வித்து அதுவே. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணிக்கு முதற்கோடு அது. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. ஒவ்வொன்றும் இரண்டரை அடியாக நாற்பது கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசளிக்கக் கொண்டுபோய் ஏற்கப்படாமல் திரும்பிய பொருள்களுள் அச்சங்கிலியும் ஒன்று என்பர். அதை நீட்டி நீட்டி ஏழரை மைல் தொலைவு அளந்து, தெற்கே பெரும்பாக்கம் குன்றில் முடித்தனர். பெரும்பாக்கம் என்றதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறோம். சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட நம் உறவினர் பலர் குடியமர்த்தப்பட்ட அடுக்குமாடி வீடுகள் அந்தப் பெரும்பாக்கத்தில்தான் இருக்கின்றன. நாட்டை அளக்கத் தொடங்கிய முதற்கோட்டின் மறுமுனையிலே அவர்கள் குடியிருக்கின்றனர் என்று அங்கிருந்து வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்த மாணவி ஒருத்தியிடம் சொன்னோம். அங்கே பேருந்து சரியாக வருவதில்லை என்று அவள் விடை சொன்னாள்.

இனி, அளந்தவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். படத்தின் அடியில் துறைத் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கிறது. சங்கிலி பிடித்தவன் பெயர் இல்லை. ஊர் அளவையின்போது எல்லைக்கல் எங்கே, எந்த வரப்பு பழையது, எந்த வரப்பு நேற்று நகர்ந்தது என்று காட்டிக்கொடுத்தவர் அவ்வூர் வெட்டியானும் தலையாரியுமே. எல்லைத் தகராறு வந்தால் நம்மவர் ஒருவரை அழைத்துத் தலையில் தண்ணீர்க் குடத்தை ஏற்றி எல்லை வழியே நடக்கச் சொல்வதும், அவர் நடந்த வழியே எல்லை என்று இருதரப்பும் ஏற்பதும் பழைய வழக்கம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. பொய் சொல்ல மாட்டான் என்று ஊரார் நம்பிய ஒருவனுக்கு அவ்வெல்லைக்குள் ஒரு சாண் நிலம் கிடையாது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் வெகுநேரம் பேசாமல் இருந்தனர்.

எங்கள் பாட்டனார் வெட்டியான் ஊழியம் பார்த்தவர். அமாவாசை இருட்டிலும் எந்தக் கல்லுக்கும் நேரே நடந்துபோய்க் காலால் தடவிக் காட்டுவாராம். மறு அளவையின்போது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு நாள் சேற்றில் நடந்ததாகவும், முடிவில் ஒரு வேட்டியும் கொஞ்சம் அரிசியும் கூலியாகக் கிடைத்ததாகவும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் காட்டிய கற்கள் அனைத்தும் படத்தில் இருக்கின்றன.

படத்துக்கு வருவோம். எங்கள் பள்ளி இருக்கும் சிற்றூரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நாளையும் இருதரப்பார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியவர்கள் நாங்கள். இந்தப் படத்தில் ஊர் சிவப்புப் பொட்டாக இருக்கிறது. பக்கத்தில் கறுப்பு எழுத்தில் பெயர். மேற்கே ஏரி, அதன் கரை வில்லைப்போல் வளைந்திருக்கிறது. கோயிலுக்கு ஓர் அடையாளம். ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் வண்டிப்பாதைக்கு ஒரு கோடு. கிழக்கே அரை மைல் தள்ளி, வயலுக்கு நடுவே, இன்னொரு சிறிய சிவப்புப் பொட்டு. அதற்குப் பெயர் இல்லை.

"ஐயா, இதுதானே எங்கள் காலனி? பெயர் போட மறந்துவிட்டார்களா?" என்று ஒரு மாணவன் கேட்டான். மறந்தார்களோ இல்லையோ, அடுத்த ஊரிலும் அப்படியே ஒரு பெயரில்லாப் பொட்டு இருந்தது. அதற்கடுத்த ஊரிலும் இருந்தது. பிள்ளைகள் விரல் வைத்து எண்ணத் தொடங்கினர். எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் முதல் நூலும் அளவுகோலும் கொண்டு படிக்கலானோம். பெயரில்லாப் பொட்டிலிருந்து ஒரு புள்ளிக்கோடு புறப்படுகிறது. ஒற்றையடிப் பாதைக்கு உரிய குறி அது. அது ஊருக்குள் போகவில்லை. வயலோரமாக வளைந்து, ஏரியின் வால்பகுதியைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைச் சேருகிறது. நூலை அதன்மேல் வளைத்து வைத்து நீட்டி அளந்தால் ஏறத்தாழ இரண்டு மைல். ஊர்த்தெரு வழியாக நேரே போனால் ஒரு மைல்தான். பக்கத்தில் நல்ல வண்டிப்பாதை இருக்க, இரட்டிப்பு வழி ஏன் நடந்தார்கள் என்று கணக்கு ஆசிரியரிடம் பிள்ளைகள் கேட்டனர். அவர் கணக்கு அதற்கு உதவவில்லை. காலனியில் தொண்ணூறு வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் இருந்தார். அவரிடம் அனுப்பினோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் போவதைவிடச் செருப்பில்லாமலே சுற்றிக்கொண்டு போவது மேல் என்று தம் மாமியார் சொல்லுவார் என அவர் சொன்னார்.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். படத்தில் அந்த வண்டிப்பாதை யாவர்க்கும் பொதுவான பாதையாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கலாகாது என்று காட்டுவதற்கு அளவைத் துறையில் குறி எதுவும் இல்லை. நம் மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவரான திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஏட்டிலே பொதுவாக இருந்த பாதை காலுக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. ஆதலின் நிலப்படத்தை மட்டும் பார்ப்பவர் பாதி வரலாற்றையே அறிவார். மற்றப் பாதியை மூதாட்டிகளிடம் கேட்டுத்தான் அறிய முடியும். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். நாங்கள் குறிப்பிட்ட அம்மையாரும் இப்போது இல்லை.

அந்தப் பெயரில்லாப் பொட்டின் அருகே ஒரு நீலப் புள்ளி இருக்கிறது. அது நம் மக்கள் குடிநீர் எடுத்த குட்டை. இன்று அவ்விடத்தில் மண்மேடும் அதன்மேல் சீமைக்கருவேலமும் உள்ளன. ஏரியின் கலிங்கலிலிருந்து ஒரு நீலக்கோடு புறப்பட்டுக் காலனியின் ஓரமாகச் சென்று, கீழே உள்ள தாங்கலில் விழுகிறது. பிந்தைய பதிப்பில், அதாவது ஐம்பதாயிரத்தில் ஒன்று என்னும் அளவில் மீட்டர்க் கணக்கில் வந்த படத்தில், அக்கோடு மெலிந்திருக்கிறது. இக்காலக் கைப்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தில் அக்கோட்டின்மேல் வீட்டுமனைகள் வரிசையாக நிற்கின்றன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மழையில் காலனிக்குள் தொடையளவு தண்ணீர் வந்தது. எதிர்பாராத வெள்ளம் என்று பார்வையிட வந்தவர்கள் சொல்லிப் போயினர். வெள்ளம் வந்த வழியைப் பிள்ளைகள் சுவரிலிருந்த கறையைக் கொண்டு குறித்து, பழைய படத்தின்மேல் கண்ணாடித்தாளில் வரைந்து வைத்துப் பார்த்தனர். நீலக்கோட்டின்மீதே அது பொருந்தி வந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

காலனி தாழ்ந்த இடத்தில் இருக்கிறதா என்ற ஐயமும் எழுந்தது. இப்படத்தில் மேடுபள்ளக் கோடுகள் ஐம்பது அடிக்கு ஒன்றாகப் போடப்பட்டிருப்பதால் நம் சமவெளி ஊர்களுக்கு அவை பயன்படா. கொத்தனார் ஒருவரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, தெருத் தெருவாக வைத்துப் பார்த்தோம். கோயில் வாசலுக்கும் காலனிக் குழாயடிக்கும் இடையே நான்கடிக்கு மேல் இறக்கம். யாரும் திட்டமிட்டுக் கெடுத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல மேட்டை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் எடுத்தது போக எஞ்சியது நமக்கு வந்தது.

இவ்வளவு சொன்னபின் மாணவர் கேட்கக்கூடிய கேள்வி: நம் நிலம் எது என்பதை இப்படம் காட்டுமா? காட்டாது. இதில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 640 ஏக்கர் அடங்கிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர் இதில் ஊசிமுனை அளவே இருக்கும். அதற்கு வேறொரு படம் வேண்டும். அதுதான் மேசையின் வலப்புறத்தில் இருக்கும் கிராம வரைபடம். மைலுக்குப் பதினாறு அங்குலம் என்னும் அளவில் சென்னை மாகாணத்தார் வரைந்தது. இதில் ஒரு சதுர அங்குலத்தில் இரண்டரை ஏக்கர். ஒவ்வொரு புலத்துக்கும் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு பழைய 'அ' பதிவேட்டைப் புரட்டினால், அப்புலம் நத்தமா, மேய்க்காலா, ஏரிப் புறம்போக்கா, சுடுகாடா, பட்டாவா, பட்டாவாயின் யாருக்கு என்பது தெரியும். பெயரில்லாப் பொட்டுக்குக் கிராம வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பறைச்சேரி நத்தம் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது சில பிள்ளைகள் தலைகுனிந்தனர். ஓர் எண்ணோடும் எல்லையோடும் எழுதப்பட்ட பெயர் அது. குனிய வேண்டியதில்லை என்று சொல்லி, அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம்.

குடியிருக்கும் நத்தமே நமக்கு உறுதியில்லாமல் இருந்த காலம் உண்டு. செங்கற்பட்டில் மிராசு முறை வலுவாக இருந்தது. சேரி இருந்த இடமும் மிராசுதாருடையதே என்று உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்றனர். தரிசு நிலத்தைத் தரக்காஸ்து மூலம் கேட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. இவற்றையெல்லாம் நேரில் கண்டு, செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். மனைக்கும் நிலத்துக்கும் இம்மக்களுக்கு உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம். 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் வருவாய்த் துறையின் 1010-ஆம் எண் ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படை செய்யப்படலாயிற்று. முதல் பத்தாண்டு எவருக்கும் விற்கக் கூடாது. அதன்பின் கைமாறினாலும் அவ்வகுப்பாருக்கே மாற வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள். இவையே பஞ்சமி நிலம் எனப்படுவன. மாகாணம் முழுதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு அளிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவும் நம் மாவட்டத்தின் அறிக்கை ஒன்றிலிருந்து தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. கடனுக்குப் போனது, கைநாட்டு வாங்கிப் போனது, பயமுறுத்திப் போனது எனப் பலவகை. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய பதிவேடுகள் எழுதப்பட்டபோது, பழைய ஏட்டிலிருந்த ஒடுக்கப்பட்டோர் ஒப்படை என்னும் குறிப்பு பல ஊர்களில் புதிய ஏட்டில் ஏறவில்லை. ஆகவே இன்றைய சிட்டாவை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நம் மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ந்த மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது பழைய ஏட்டில் ஏற்கெனவே எழுதியிருந்ததையே.

எங்கள் சிற்றூரில் நாங்கள் நிலத்துக்குப் போகவில்லை. அவ்வளவு துணிவு எங்களுக்கு இருந்தது என்று சொன்னால் மிகையாகும். சுடுகாட்டுப் பாதையோடு நிறுத்திக்கொண்டோம். காலனியிலிருந்து ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போக வழியில்லை. நெற்பயிர் நிற்கும் நாளில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பிலே ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். ஒருமுறை மழைக்காலத்தில் பாடை சரிந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்தான். பின்னர் ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

கிராம வரைபடத்தில் இரட்டைக்கோடு போட்ட ஒரு பாதை காலனியிலிருந்து சுடுகாடு வரை இருந்தது. தனிப் புல எண் உண்டு. பழைய பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருந்தது. இதைக் காலனிப் பெரியவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் மனுக் கொடுத்தார்கள். முதல் மனு காணாமற் போயிற்று. இரண்டாம் மனுவுக்கு அப்படிப் பாதையே இல்லை என்று விடை வந்தது. அதன்பின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, அப்புல எண்ணின் பழைய பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் கேட்டு எழுதச் சொன்னோம். எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டதால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நகல் வந்தது. ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு அளவர் வந்து அளந்து கல் நட்டார்.

பாதையை உழுது பயிரிட்டு வந்தவர் முதலில் சினந்து பேசினார். அவர் கையில் கிராம வரைபடத்தைக் கொடுத்தோம். அவரும் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். தம் தந்தை விலைக்கு வாங்கும்போதே வரப்பு அங்கேதான் இருந்தது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். வெகுநேரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என் கிணறு எங்கே என்று கேட்டார். கிணறு பாதைக்குள் பாதி வந்திருந்தது. அதை மூடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆதலால் அவ்விடத்தில் மட்டும் பாதை இன்றும் சற்று வளைந்து போகிறது. அகலமும் படத்தில் உள்ள அளவுக்கு இல்லை. எனினும், முன்னே சொன்ன தொண்ணூறு வயது அம்மையாரை அவ்வழியே நால்வர் தோளில், சரியாமல், கொண்டு சென்றோம்.

இளைஞர்களுக்கு இரண்டொரு நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். இன்றைய புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அது பிந்தைய ஏடு என்பதை மறவாதீர்கள். அதற்கு முந்தைய ஏட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் எண் குறிப்பிட்டுக் கேளுங்கள். எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளையும் மாவட்டக் குறிப்பேடுகளையும் காணலாம். செங்கற்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகி, 2019-இல் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று, வட்டங்களும் மாறியிருக்கின்றன. எனவே பழைய ஏட்டைத் தேடுகையில் அக்காலத்தில் உங்கள் ஊர் எந்த வட்டத்தில் இருந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இல்லையேல் அலுவலகத்துக்கு அலுவலகம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். அளவையிலும் பிழை உண்டு. பத்து வயல் நடந்து பார்த்து, மூன்று பெரியவர்களைக் கேட்டு, பிறகு எழுதுங்கள்.

இப்படங்களின் நகல் ஒன்றைக் கழகத்தின் படிப்பகத்துக்கு இன்று ஒப்படைக்கிறோம். எங்கள் மாணவர்கள் வரைந்த புதிய படம் ஒன்றும் உடன் இருக்கிறது. அதில் ஏரி, கலிங்கல், குட்டை இருந்த இடம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் மையால் எழுதியாயிற்று. அந்தப் பெயரில்லாப் பொட்டுக்கு மட்டும் இன்னும் மை போடவில்லை. அரசு வைத்த காலனிப் பெயரை எழுத வேண்டும் என்று பாதி மாணவர்கள் சொல்கிறார்கள். கிழவர்கள் வழங்கிவந்த பழைய தெருப் பெயரே வேண்டும் என்று மற்றப் பாதியினர் சொல்கிறார்கள். இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். அப்பகுதியைச் சேர்ந்த பெரியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உணவு இடைவேளையில் மேசையருகே வந்து உங்கள் கருத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.